பெக்கோ சிலிண்டர் றொட்டின் பழுதுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கொழும்பு வடக்கில், பெக்கோ போன்ற மண் தோண்டும் இயந்திரங்களின் ஹைட்ரோலிக் சிலிண்டர்களைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் சிலிண்டர்களில் பெரும்பாலானவை ஒரே கதையோடுதான் வருகின்றன. ஒயில் கசிந்தது, பஞ்சிகாவத்தையில் சீல் கிட் வாங்கி மாற்றினார்கள், இரண்டு வாரம் நின்றது, மறுபடியும் கசிந்தது, மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாவது தடவைதான் யாராவது றொட்டை, அதாவது சிலிண்டருக்குள் போய்வரும் குரோம் பூசிய தண்டை, நன்றாகத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்திருப்பார்கள். சீல் என்பது றொட்டின் மேல் ஓடும் மெல்லிய உதடு. றொட்டில் ஒரு முள் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த சீலையும் அது கிழித்துவிடும். அதனால் இங்கே எல்லாச் சோதனையும் றொட்டிலிருந்தே தொடங்குகிறது. பெக்கோவை உதாரணமாக வைத்துச் சொன்னாலும், டோசர், லோடர், துறைமுகப் பக்கம் கொள்கலன் தூக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

கை வைப்பதற்கு முன்

20 தொன் வகுப்புப் பெக்கோவில் வேலை நேரத்து அழுத்தம் 300 பாருக்கு மேல் ஏறும். எனவே பக்கெட்டை நிலத்தில் முழுமையாக அமர்த்தி, என்ஜினை நிறுத்தி, சாவியை மறுபடி ஒன் நிலைக்குத் திருப்பி, லீவர்களை எல்லாத் திசைகளிலும் பல தடவை அசைத்து, பிறகு ஒயில் டாங்கின் மூடியிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே ஹோஸைக் கழற்றத் தொடங்க வேண்டும். இயங்கும் இயந்திரத்தில் கசிவைத் தேடும்போது கையை நீட்டாமல் ஒரு காட்போட் மட்டையை நீட்டுங்கள். ஊசி முனை அளவு துளையிலிருந்து பீறிடும் ஒயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது எறும்பு கடித்தது போன்ற ஒரு புள்ளியாக இருக்கும், முதல் சில மணித்தியாலங்களில் வலியும் அதிகம் இராது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் நேரே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குப் போய், உயர் அழுத்த ஹைட்ரோலிக் ஒயில் உள்ளே ஏறிவிட்டது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சிறு காயம் என்று மருந்து கட்டி அனுப்பப்படக்கூடும்.

அறிகுறி: றொட் ஈரமாக இருக்கிறது, ஆனால் சொட்டவில்லை

இது பெரும்பாலும் பழுதே அல்ல. சீலுக்கு மசகு வேண்டும் என்பதால் நல்ல சிலிண்டரும் ஒரு மெல்லிய ஒயில் படலத்தை வெளியே கொண்டு வரும், அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். றொட்டையும் கிளாண்டையும் (சிலிண்டரின் வாயில் றொட்டைச் சூழ்ந்து சீலைத் தாங்கும் மூடியையும்) சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, பத்து தடவை முழு நீளத்துக்கு நீட்டிச் சுருக்குங்கள். படலம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். கிளாண்டின் கீழ் விளிம்பில் ஒயில் திரண்டு சொட்டாக உருவானால் அடுத்த பகுதிக்குப் போகவும்.

அறிகுறி: கிளாண்டில் ஒயில் சொட்டுகிறது

எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் சீல் கிட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒருவர் மெதுவாக லீவரை இயக்க, இன்னொருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

*கிளாண்டுக்கும் சிலிண்டர் குழாய்க்கும் இடையிலுள்ள மூட்டில் வருகிறது என்றால்,* றொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளாண்டின் ஓ-ரிங் அல்லது அதன் பின்புறமுள்ள பேக்கப் ரிங் போயிருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். இதுதான் எல்லாவற்றிலும் மலிவான பழுது. போல்ட்டை இறுக்கிப் பார்த்தும் நிற்கவில்லையென்றால் கிளாண்டைக் கழற்றி ஓ-ரிங்கை மாற்றினால் போதும்.

*றொட்டுக்கும் தூசிச் சீலுக்கும் (வெளித் தூசியைத் தடுக்கும் வெளிப்புறச் சீலுக்கும்) இடையில், ஓட்டம் முழுவதும் ஒரே அளவாக வருகிறது என்றால்,* றொட் சீல் தேய்ந்திருக்கும் அல்லது வெப்பத்தில் இறுகியிருக்கும். பழைய சீலைக் கழற்றி நகத்தால் வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் போல வெடித்தால் ஒயில் மிகையாகச் சூடாகியிருக்கிறது, கூலரைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டாலும் அதே கதிதான். புதுச் சீல் வாங்கும்போது பழைய சீலைக் கொண்டுபோய் அதே அளவில் கேட்பது நம் வழக்கம், ஆனால் ஒயிலில் ஊறிப் பெருத்த சீலின் அளவு உண்மையான அளவாக இராது. றொட்டின் விட்டத்தையும் கிளாண்டில் சீல் அமரும் பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்; நீலமோ மஞ்சளோ, அந்த நிறம் கடினத்தின் அளவைக் காட்டாது.

*றொட்டின் ஒரு குறிப்பிட்ட இடம் கடக்கும்போது மட்டும் வருகிறது என்றால்,* குற்றம் றொட்டில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் மாக்கரால் வட்டமிட்டுவிட்டு, நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, துடைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். பிறகு ஒரு பழைய நைலோன் காலுறையை றொட்டின்மேல் இழுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத முள்ளையும் அது பிடித்துக் காட்டும்.

*சீல் மாற்றிச் சில வாரங்களிலேயே மறுபடி வருகிறது என்றால்,* இன்னொரு கிட் வாங்குவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: றொட் வளைந்திருக்கிறதா, கிளாண்டின் உள்ளே றொட்டைத் தாங்கும் வளையமான புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, றொட் அரைத்து அரைத்துச் சொரசொரப்பாகியிருக்கிறதா. மூன்றுக்கும் கீழே வழி இருக்கிறது.

அறிகுறி: நகத்தில் தட்டும் குழி அல்லது முள்

கற்குவாரியிலும் கட்டடம் இடிக்கும் இடத்திலும் வேலை செய்யும் இயந்திரங்களின் பக்கெட் சிலிண்டரில் இதுதான் அதிகம். கல் விழுந்த இடத்தில் குழி ஏற்படுகிறது, அந்தக் குழியின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி மேடாகிறது. சீலைக் கிழிப்பது குழி அல்ல, அந்த மேடுதான். சிறு குழி ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு துளி ஒயிலை மட்டுமே வெளியே கொண்டு வரும். மேடு ஒவ்வொரு ஓட்டத்திலும் சீலின் உதட்டை ஒரு தடவை அறுக்கும்.

ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட் ஒன்றின் பின்புறம் தரை சமன் செய்துகொண்டிருந்த பெக்கோவொன்றைப் பார்க்க அழைத்தார்கள். பக்கெட் சிலிண்டருக்கு அந்த மாதத்தில் இரண்டு சீல் கிட் போயிருந்தது. ஒப்பரேட்டர் மலையகத்திலிருந்து வந்த இளைஞர், களைத்துப்போய் நின்றார். “அண்ணே, மூணாவது கிட்டும் வாங்கித்தான் வச்சிருக்கு, போட்டிருவோமா?” என்று கேட்டார். “கொஞ்சம் பொறுங்க தம்பி, முதல்ல றொட்டைத் துடைப்போம்” என்றேன். றொட்டின் நுனியிலுள்ள கண்ணிலிருந்து (இயந்திரத்தோடு இணைக்கும் துளையிலிருந்து) ஒன்றரை சாண் தள்ளி, றொட்டின் அடிப்பக்கத்தில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் ஒரு அரிசி மணி அளவு குழி இருந்தது. அதன் ஒரு ஓரம் கத்தி முனைபோல நிமிர்ந்து நின்றது. அவருடைய விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். பேசாமல் கிட்டை எடுத்து கெபினுக்குள் வைத்துவிட்டார். ஓயில் கல்லால் (கத்தி தீட்டும் சாணைக்கல் போன்ற கல்லால்) இருபது நிமிட வேலை. அதன் பிறகுதான் அந்தக் கிட்டைப் பூட்டினோம்.

செய்யும் முறை இதுதான். முதலில் அந்த இடம் வேலையின்போது உண்மையிலேயே கிளாண்டுக்குள் போகிறதா என்று பாருங்கள். கண்ணை ஒட்டி, ஒருபோதும் உள்ளே போகாத பகுதியில் இருந்தால் மேட்டை மட்டும் தட்டையாக்கித் துருப்பிடிக்காமல் கிறீஸ் பூசினால் போதும். உள்ளே போகும் பகுதியானால், கிளாண்டின் வாயைக் கிறீஸ் தடவிய துணியால் நன்றாகச் சுற்றி மூடுங்கள். நீங்கள் உராயும் துகள் தூசிச் சீலுக்குள் போனால் ஒரு குழியைச் சரிசெய்யப் போய் நூறு கீறலை உண்டாக்கியவர்களாவீர்கள். பிறகு மிருதுவான ஓயில் கல்லை டீசலில் நனைத்து, மேட்டின் மேல் மட்டும் தட்டையாக வைத்து, நகத்தில் தட்டாத வரை தேயுங்கள். அதன் பின் 400, 600, 800 என்ற வரிசையில் எமரித் தாளை ஒயிலில் நனைத்து, றொட்டைச் சுற்றி வளையல் போடும் திசையில் மெருகேற்றுங்கள். நீளவாக்கில் ஒருபோதும் தேய்க்க வேண்டாம், ஏனென்றால் நீளவாக்கில் விழும் ஒவ்வொரு கோடும் ஒயில் வெளியே வருவதற்கு வெட்டிக் கொடுத்த வாய்க்காலாகிவிடும். கிரைண்டரோ பிளாப் டிஸ்க்கோ றொட்டின் அருகில் வரவே கூடாது.

மேட்டை நீக்கிய பின்னும் குழி பெரிதாகத் தோன்றினால் உலோக எப்பொக்சியால் நிரப்பலாம். குழிக்குள் ஊறியிருக்கும் ஒயில் போகாவிட்டால் எப்பொக்சி நிற்காது என்பதால், சூடான காற்றால் இதமாகச் சூடாக்கி, வெளியே வரும் ஒயிலை அசிற்றோனால் துடைத்து, இதை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டும். நிரப்பிய பின் 24 மணித்தியாலம் விட்டு, ஓயில் கல்லால் றொட்டின் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மட்டத்துக்கு மேல் ஒரு இழைகூட நிற்கக் கூடாது. அரிசி மணி அளவுக் குழி ஒன்றிரண்டுக்கு இது பல மாதம் நிற்கக் கண்டிருக்கிறேன். விரல் நகத்தின் அகலத்துக்கு மேல் போனால், அல்லது குழிகள் வரிசையாக இருந்தால், வீண் முயற்சி வேண்டாம், பட்டறைக்கு அனுப்புங்கள்.

இயந்திரத்தில் பூட்டியிருக்கும் றொட்டில் ஆர்க் வெல்டிங்கால் குழியை நிரப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடம் கண்ணாடிபோல இறுகி, சுற்றியுள்ள குரோம் தளர்ந்து, பின்னர் அந்த இடத்திலேயே வெடிப்பு விடும். பக்கெட்டில் பல் ஒட்டும்போதும் கவனம் வேண்டும்: ஏர்த் கவ்வியைப் பக்கெட்டிலேயே, ஒட்டும் இடத்துக்கு அருகில் பிடியுங்கள். தூரத்தில் சேசியில் பிடித்தால் மின்னோட்டம் பின் (கண்ணைக் கோத்து இணைக்கும் இரும்புத் தண்டு) வழியாகவும் றொட் வழியாகவும் பாய்ந்து கறுத்த சிறு பொட்டுகளை விட்டுச்செல்லும். தீப்பொறி தெறிக்கும் என்பதால் றொட்டை நனைந்த சாக்கால் மூடிவிட்டே தொடங்க வேண்டும்.

அறிகுறி: நீளவாக்கில் கீறல்

றொட்டின் குரோம் பூச்சு வழக்கமாக 20 முதல் 25 மைக்குரோன் தடிப்பு கொண்டது, அதாவது ஒரு தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நகத்தில் தட்டும் கீறல் பெரும்பாலும் குரோமைத் தாண்டி இரும்புக்குப் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தில் தட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் மேலே சொன்னபடி 600, 800 எமரியால் வளையல் திசையில் மெருகேற்றி ஓடவிடலாம்.

நகத்தில் தட்டினால் அடுத்த கேள்வி, கீறல் ஏன் விழுந்தது என்பது. மலிவான காரணம் தூசிச் சீல் கிழிந்து மணல் உள்ளே போனது. சீலைத் திருப்பிப் பார்த்தால் மணல் பதிந்திருக்கும். அடுத்தது கிளாண்ட் புஷ்ஷில் பதிந்த உலோகத் துண்டு. மூன்றாவதும் செலவானதுமான காரணம் பிஸ்டனிலிருந்தோ பம்பிலிருந்தோ உடைந்து வரும் உலோகம். ரிட்டேர்ன் பில்டரை (டாங்குக்குத் திரும்பும் ஒயிலை வடிக்கும் வடிகட்டியை) கழற்றி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளியாக மினுங்கும் துகள்கள் நிறைய இருந்தால் றொட்டைச் சரிசெய்வதில் பயனில்லை, முதலில் அந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். கீறல்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் மட்டும் விழுந்தால் வளைவு பற்றிய பகுதியைப் பாருங்கள்.

நீளவாக்கில் விழுந்த ஆழமான கீறலுக்கு எப்பொக்சி நிற்காது. சீல் அதைச் சில நாட்களில் வாரி எடுத்துவிடும். இதற்கு மறுபடி குரோம் பூசுவது ஒன்றே வழி.

அறிகுறி: பழுப்புப் புள்ளிகள், குரோம் பெயர்தல்

கொழும்பில் வேலை செய்யும் எவரும் அதிக அக்கறை காட்ட வேண்டிய பகுதி இதுதான். கற்குவாரி இயந்திரத்தைக் கல் அடிக்கிறது, நம் இயந்திரத்தை உப்புக் காற்று அரிக்கிறது. காலிமுகத்திடலை அடுத்துக் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் எழுந்த துறைமுக நகரப் பக்கம் வேலை செய்த இயந்திரங்களும், முகத்துவாரம், மட்டக்குளிக் கரையில் நிற்கும் இயந்திரங்களும் பட்டறைக்கு வரும்போது, கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது கடற்கரை இயந்திரம் என்று சொல்லிவிடலாம். குரோம் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. உப்பு ஈரம் அவற்றின் வழியாக இறங்கி அடியிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பெருத்துக் குரோமைக் கொப்புளமாகத் தூக்குகிறது. சீல் அந்தக் கொப்புளத்தை உடைக்கிறது.

சோதனை எளிது. பழுப்புப் புள்ளியை டீசலில் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். போய்விட்டால் அது மேலே படிந்த துரு, வேறு இடத்திலிருந்து வழிந்து வந்தது. ஒயில் பூசிவிட்டு வேலையைத் தொடரலாம். போகாமல் நடுவில் கறுத்த புள்ளி தெரிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற குழிகள் தனித்தனியாக இருந்தால், ஓரத்தை ஓயில் கல்லால் தட்டையாக்கி, ஒவ்வொரு நாள் மாலையும் றொட்டுக்கு ஒயில் துடைத்துக்கொண்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். நகத்தின் நுனியை வைத்துத் தட்டும்போது குரோம் செதிலாகக் கழன்றால் அந்த நாளே இயந்திரத்தை நிறுத்துங்கள். கழன்ற குரோம் துண்டு சீலை மட்டும் அல்ல, ஒயிலோடு போய் வால்வையும் பம்பையும் கெடுக்கும், அப்போது சில்லறைச் செலவு பெருஞ்செலவாகிவிடும்.

இந்தத் துரு வேலை செய்யும் இயந்திரத்தைவிட நிற்கும் இயந்திரத்தையே அதிகம் பிடிக்கிறது. ஓடும் றொட்டில் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒயில் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வேலை நின்று, இயந்திரம் யார்டில் வாரக்கணக்கில் கிடக்கும்போது அந்தப் படலம் கழுவுண்டு போகிறது. நம் யார்டுகளில் இடம் குறைவு என்பதால் ஆம் கையை (பக்கெட்டைத் தாங்கும் முன்கையை) உள்ளே இழுத்து, பக்கெட்டை மடித்து நிறுத்துவார்கள். அந்த நிலையில் ஆம் சிலிண்டரும் பக்கெட் சிலிண்டரும் முழு நீளத்துக்கு நீண்டு, றொட் மழையில் திறந்து கிடக்கும். இடமிருந்தால் பூமை (இயந்திரத்தோடு இணைந்த பெரிய கையை) இறக்கி, ஆம் கையை வெளியே நீட்டி, பக்கெட்டை விரித்து நிலத்தில் வையுங்கள்; பெரும்பாலான றொட் சிலிண்டருக்குள் போய்விடும். இடமில்லையென்றால் வெளியே நிற்கும் றொட்டுக்குக் கிறீஸ் தடிப்பாகப் பூசிவிடுங்கள். மறுபடி ஓட்டும் முன் அந்தக் கிறீஸைத் துடைத்தெடுக்க மறக்கக் கூடாது, அதில் மணல் ஒட்டியிருக்கும்.

கொங்கிறீட் வேலையில் இன்னொரு கேடு நடக்கிறது. றொட்டில் காய்ந்த சீமெந்தை நீக்க, தரை ஓடு கழுவும் அசிட்டை ஊற்றுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சீமெந்தோடு சேர்த்துக் குரோமையும் கரைத்துவிடும். குரோம் பூச்சைக் கழற்றுவதற்குப் பட்டறைகளே அதைத்தான் பாவிக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே தண்ணீரால் கழுவி ஒயில் பூச வேண்டும். காய்ந்துவிட்டால் மரச் சீவலால் சுரண்ட வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் தேய்வு, ஓட்டத்தில் நடுக்கம், ஒரு பக்கக் கசிவு

றொட் வளைந்திருக்கலாம், ஆனால் முதலில் மலிவானவற்றைப் பாருங்கள். பின்னுக்குக் கிறீஸ் போகாமல் கண் இறுகிவிட்டால், அது திரும்ப முடியாமல் றொட்டை ஒவ்வொரு ஓட்டத்திலும் பக்கவாட்டில் முறுக்கும். நிப்பிளில் கிறீஸ் அடித்து மறுபக்கம் வெளியே வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, பின்னும் புஷ்ஷும் தேய்ந்து கண் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் றொட்டை நீட்டி, ஒரு மீற்றர் நேர்விளிம்புக் கோலை அதன் மேலும் பக்கத்திலும் வைத்து, பின்னாலிருந்து டோர்ச் அடியுங்கள். வெளிச்சம் நடுவில் தெரிந்தால் வளைவு உண்டு.

எவ்வளவு வளைவு என்பதைக் கழற்றித்தான் அளக்க முடியும். இரண்டு வீ-கட்டைகளின் மேல் றொட்டை வைத்து, நடுவில் டயல் கேஜை நிறுத்தி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். டயல் காட்டும் மொத்த ஏற்ற இறக்கம் உண்மையான வளைவின் இரு மடங்கு. டயலில் 1 மில்லிமீற்றர் என்றால் வளைவு 0.5 மில்லிமீற்றர். இந்தப் பாதியாக்கலை மறந்து நல்ல றொட்டைப் பிரஸ்ஸில் போட்டுக் கெடுத்தவர்களை நான் அறிவேன். தயாரிப்பாளரின் கையேடு இருந்தால் அதன் எல்லையே சட்டம். இல்லாதபோது எங்கள் பட்டறையில் ஒரு மீற்றருக்கு 0.5 மில்லிமீற்றர் வளைவைத் தாண்டிய றொட்டை அப்படியே பூட்டுவதில்லை.

நிமிர்த்துவது பிரஸ் உள்ள பட்டறையின் வேலை. குளிர்ந்த நிலையில், சிறிது சிறிதாக, ஒவ்வொரு அழுத்தலுக்குப் பின்னும் டயலால் அளந்து நிமிர்த்த வேண்டும். வாயு விளக்கால் சூடாக்கினால் மேற்பரப்பின் கடினம் போய்விடும், மறுவாரமே அது மறுபடி வளையும். நிமிர்த்திய பின் சாயச் சோதனை செய்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் வளைந்த பக்கத்தில் குரோம் பெரும்பாலும் நொறுங்கியிருக்கும். வளைவு மெல்லிய வில்லாக இல்லாமல் ஒரே இடத்தில் முறிந்ததுபோல இருந்தாலோ, பிஸ்டன் மரைக்கு அருகில் இருந்தாலோ நிமிர்த்தச் சொல்லாதீர்கள். அந்த றொட்டின் காலம் முடிந்துவிட்டது.

அறிகுறி: கண்ணின் ஒட்டில் வெடிப்பு, அல்லது றொட் தனியே சுழல்கிறது

இரண்டுக்கும் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். வெடிப்பின் மேலேயே வெல்டிங் போடுவது பயனற்றது. வெடிப்பை முழுமையாக வெட்டியெடுத்து, முன்கூட்டியே சூடாக்கி, பொருத்தமான குச்சியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். றொட் தனியே சுழன்றால் உள்ளே பிஸ்டன் நட் தளர்ந்திருக்கலாம். இரண்டும் பட்டறை வேலை.

அறிகுறி: கசிவு இல்லை, ஆனால் சுமை தானாக இறங்குகிறது

இதற்கு றொட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். பிஸ்டன் சீலோ கட்டுப்பாட்டு வால்வோதான் காரணம். பக்கெட் சிலிண்டரில் எளிதாகப் பிரித்தறியலாம்: வெறும் பக்கெட்டை முழுமையாக மடித்து, அழுத்தத்தை இறக்கி, றொட் பக்க ஹோஸைக் கழற்றி ஹோஸின் வாயை உறுதியான பிளக்கால் அடைத்துவிட்டு, எல்லோரும் விலகி நிற்க, மடிக்கும் லீவரை மெதுவாக இழுங்கள். சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து ஒயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல், வராவிட்டால் வால்வு. பூம் சிலிண்டரில் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம், அனுபவமுள்ள டெக்னீசியனை அழையுங்கள்.

றொட்டைப் பட்டறைக்குக் கொடுக்கும்போது

2022இல் டொலர் இல்லாமல் புது றொட் வரவழைக்க முடியாதிருந்த காலத்தில், முன்பு கழித்துப் போட்டிருக்கக்கூடிய றொட்டுகளையும் நாங்கள் பழுது பார்த்தோம். எது நிற்கும், எது நிற்காது என்பதை அந்த ஒரு வருடத்தில் கற்றதுபோல வேறெப்போதும் கற்றதில்லை. பழைய குரோமை முழுமையாகக் கழற்றி, அடி இரும்பைக் கிரைண்ட் செய்து, குழிகளை ஒட்டி நிரப்பி, மறுபடி கிரைண்ட் செய்து, கூடுதல் அளவுக்குக் குரோம் ஏற்றி, இறுதி அளவுக்குக் கிரைண்ட் செய்து மெருகேற்றுவதுதான் முழு வேலை. பழைய குரோமின் மேலேயே புதிதாக ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் உதிரிகளுக்கு மினுக்கம் போடும் இடத்திலும் கொடுக்க வேண்டாம். அங்கே ஏறும் குரோம் ஒரு மைக்குரோனுக்கும் குறைவான அலங்காரப் பூச்சு, பெக்கோவின் முதல் வாரத்தைக்கூடத் தாண்டாது.

குரோம் கழற்றிய நிலையில் றொட்டை ஒருதடவை போய்ப் பாருங்கள். உண்மையான சேதம் அப்போதுதான் தெரியும். பக்கத்துக்கு 0.2 மில்லிமீற்றருக்கு மேல் குரோமாலேயே ஈடுகட்ட வேண்டும் என்றால் நான் சம்மதிப்பதில்லை, அடியில் உலோகம் ஏற்றச் சொல்வேன். கடற்கரை இயந்திரத்துக்கு இறுதிக் குரோம் 40, 50 மைக்குரோன் இருக்கும்படி கேட்பது அந்தச் செலவுக்குத் தகும். திரும்ப வாங்கும்போது மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை மைக்குரோமீற்றரால் அளந்து பாருங்கள். எஃப்7 பொருத்தத்தில் (அனுமதிக்கப்படும் அளவு வேறுபாட்டின் ஒரு தரம்) 80 மில்லிமீற்றர் றொட் 79.94க்கும் 79.97க்கும் இடையில் இருக்க வேண்டும். குரோம் தொட்டியின் கழிவு நீர் புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு. ஆகவே, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தில் கொடுக்கிறோமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். களனிக் கங்கையின் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடிக்கிறோம்.

60 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமும் குறுகிய நீளமும் உள்ள றொட்டுக்கு, ஆயத்தக் குரோம் தண்டு வாங்கி, மரை வெட்டி, பழைய கண்ணை ஒட்டிப் புதிதாகவே செய்வது பெரும்பாலும் மலிவாக முடிகிறது. இரண்டு விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது

பழைய கிளாண்ட் புஷ்ஷை அப்படியே போட்டால் சரிசெய்த றொட்டும் பாழாகும், அதைக் கட்டாயம் மாற்றுங்கள். மரையின் மேல் ஒட்டுநாடா சுற்றி, சீலைச் சூடான ஒயிலில் இளக்கி, உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்கும்படி பூட்டுங்கள். சிலிண்டரைப் பூட்டிய பின் என்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து, இறுதி எல்லை வரை போகாமல் பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாக நீட்டிச் சுருக்கிக் காற்றை வெளியேற்றுங்கள்; காற்று உள்ளே இருக்கும்போது வேகமாக அழுத்தினால் அது சூடேறிச் சீலைக் கருக்கிவிடும். ஒயில் மட்டத்தைப் பார்த்து நிரப்பி, ஒரு நாள் வேலைக்குப் பின் றொட்டை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மெல்லிய ஒயில் மட்டும் இருந்தால் அடுத்த நாள் வேலைக்கு அனுப்பலாம். கறுத்த றப்பர்த் துகள் இருந்தால் சீல் எங்கோ உராய்கிறது, அன்றே கழற்றிப் பாருங்கள்.